மென்பொருள் மாற்றிய பிறகு பிஎஃப், பென்ஷன் கணக்கு உதைக்கிறதா? எங்கே தேடுவது

கேள்வி இதுதான். சுமார் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் ஏப்ரலில் பழைய சம்பள மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறியிருக்கிறது. அதிலிருந்து சிலருக்குப் பிஎஃப் பிடித்தம் குறைந்துவிட்டது. சிலருக்குப் பென்ஷன் பங்கு பூஜ்யமாக வருகிறது. சலானும் சம்பளப் பட்டியலும் சில ரூபாய் வித்தியாசத்தில் நிற்கின்றன. மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்தில் கேட்டால் "செட்டிங் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மென்பொருளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். செட்டிங் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு டிக்காக எடுத்தும் போட்டும் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் பழைய தப்பு ஒன்று போய்ப் புதுத் தப்பு இரண்டு வரும், எதை மாற்றியதால் எது சரியானது என்பதும் தெரியாது. ஓர் ஊழியர், ஒரு மாதம், ஒரு வெள்ளைத் தாள் போதும். முதலில் எந்தச் சிக்கலும் இல்லாத ஆளாக எடுங்கள்: மாதம் முழுக்க வந்தவர், சம்பள உயர்வு இல்லை, அரியர்ஸ் (பழைய மாதங்களுக்கான நிலுவைச் சம்பளம்) இல்லை, வயது 58க்குள். அவர் கணக்கைக் கையால் போட்டு மென்பொருளோடு ஒப்பிடுங்கள். அது சரியாக இருந்தால் அடுத்து ஒரே ஒரு சிக்கல் உள்ளவர், அதாவது விடுப்பு எடுத்தவர். அப்புறம் 58 தாண்டியவர். அப்புறம் அரியர்ஸ் வாங்கியவர். இப்படிப் போனால் கணக்கு எந்த ஆளிடம் உடைகிறதோ, அவரிடம் கூடுதலாக இருக்கும் அந்த ஒரு விஷயத்தில்தான் தப்பு இருக்கும்.

கையால் போடத் தெரிய வேண்டிய கணக்கு பெரிதில்லை. ஊழியரிடமிருந்து பிஎஃப் சம்பளத்தில், அதாவது சம்பளத்தில் பிஎஃப் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பகுதியில், 12 சதவீதம். நிறுவனமும் 12 சதவீதம் கட்டுகிறது, ஆனால் அது இரண்டாகப் பிரிகிறது. 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கு, அதாவது 1995ஆம் ஆண்டின் ஈபிஎஸ்ஸுக்குப் போகிறது. மிச்சம் ஊழியரின் பிஎஃப் கணக்குக்கே போகிறது. பென்ஷன் பங்குக்கு மாதச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய், இது 2014 செப்டம்பர் 1 முதல். அதற்கு முன் 6,500. ஆகவே பென்ஷனுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய். இதோடு நிறுவனம் தன் கையிலிருந்து ஈடிஎல்ஐ காப்பீட்டுக்கு 0.5 சதவீதமும், நிர்வாகக் கட்டணம் 0.5 சதவீதமும் கட்டுகிறது. 20 பேருக்குக் குறைவான நிறுவனங்கள், பீடி, செங்கல், கயிறு போன்ற சில தொழில்கள் ஆகியவற்றுக்கு 12க்குப் பதில் 10 சதவீதம். உங்களுக்கு அது பொருந்தாது.

பிஎஃப் சம்பளம் 15,000 உள்ள ஒருவரை எடுத்தால் ஊழியர் பங்கு 1,800, பென்ஷன் 1,250, நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 550. ஊழியரின் பாஸ்புக்கைத் திறந்தால் இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருக்கும்.

இந்த 550இல்தான் உங்கள் சில ரூபாய் வித்தியாசத்தின் முதல் காரணம் ஒளிந்திருக்கலாம். நிறுவனப் பங்கை 8.33 என்றும் 3.67 என்றும் பிரித்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அதைப் பார்த்து மென்பொருளில் 3.67 சதவீதம் என்று தனி சூத்திரம் போட்டுவிடுகிறார்கள். 15,000இல் 8.33 சதவீதம் 1,249.50, ரூபாய்க்கு ரவுண்ட் செய்தால் 1,250. 3.67 சதவீதம் 550.50, ரவுண்ட் செய்தால் 551. கூட்டினால் 1,801. ஊழியர் பங்கோ 1,800. தலைக்கு ஒரு ரூபாய் உதைக்கும். 3.67 என்ற எண்ணைச் சூத்திரத்தில் எங்கேயும் போடவே கூடாது. முதலில் 12 சதவீதத்தை ரவுண்ட் செய்ய வேண்டும், பிறகு பென்ஷனை ரவுண்ட் செய்ய வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு. மாதா மாதம் பிஎஃப் இணையதளத்தில் நிறுவனம் ஏற்றும் ஈசிஆர் கோப்பிலும் அந்தப் பத்திக்குப் பெயரே பிஎஃப்-பென்ஷன் வித்தியாசம் என்பதுதான்.

3.67 போட்டவர்களுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் சின்னத் தொல்லை. உச்சவரம்பு பார்க்காமல் முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் கட்டும் நிறுவனமாக இருந்தால் விஷயம் பெரிதாகிவிடும். பிஎஃப் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் பங்கு 3,000. பென்ஷன் 1,250தான். நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 1,750 ஆக வேண்டும். 3.67 சதவீதச் சூத்திரம் 918 என்று காட்டும். மாதம் 832 ரூபாய் அந்த ஊழியரின் கணக்குக்குப் போகாமல் நின்றுவிடும்.

ரவுண்டிங்கில் இன்னொரு இடமும் உண்டு. நிர்வாகக் கட்டணமும் ஈடிஎல்ஐ பங்கும் சலானில் எல்லோருடைய பிஎஃப் சம்பளத்தையும் கூட்டிய மொத்தத்தின் மேல் கணக்கிடப்படுகின்றன. பல மென்பொருள்கள் ஆளுக்கு ஆள் கணக்கிட்டு ரவுண்ட் செய்து கூட்டுகின்றன. 12,950 சம்பளத்தில் 13 பேர் இருந்தால் ஆளுக்கு 64.75, அதை 65 ஆக்கிக் கூட்டினால் 845. மொத்தத்தின் மேல் கணக்கிட்டால் 841.75, அதாவது 842. இந்த மூன்று ரூபாய்க்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சலானில் உள்ளதைக் கட்டிவிட்டு, வித்தியாசத்தை ரவுண்டிங் கணக்கில் போட்டால் போதும். பத்துப் பேருக்குள் இருக்கும் சின்ன நிறுவனங்களுக்கு நிர்வாகக் கட்டணம் குறைந்தபட்சம் 500 ரூபாய் என்பதும் குழப்பும். சூத்திரப்படி 225 வந்தாலும் சலான் 500 என்றே கேட்கும்.

இனி நீங்கள் சொன்ன முதல் பிரச்சினைக்கு வருவோம். சிலருக்குப் பிடித்தம் குறைந்துவிட்டது என்றீர்கள். எல்லோருக்கும் குறைந்திருந்தால் சதவீதத்தையோ உச்சவரம்பையோ சந்தேகப்படலாம். சிலருக்கு மட்டும் என்றால் சந்தேகம் பிஎஃப் சம்பளத்தின் மேல் போக வேண்டும், அதாவது 12 சதவீதத்தை எதன் மேல் போடுகிறோம் என்பதில். ஒவ்வொரு மென்பொருளிலும் சம்பளத்தின் ஒவ்வொரு கூறுக்கும், பேசிக், டிஏ (அகவிலைப்படி), ஸ்பெஷல் அலவன்ஸ், வீட்டு வாடகைப்படி என்று வரிசையாக, "இது பிஎஃப் கணக்கில் சேருமா" என்ற ஒரு டிக் இருக்கும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எக்செல் வழியாகத் தரவை ஏற்றும்போது தொகைகள் வந்துவிடும், டிக் வராது. புதிய மென்பொருள் தன் இயல்பு நிலைப்படி பேசிக்கை மட்டும் பிஎஃப் சம்பளமாக எடுத்துக்கொள்ளும்.

பேசிக்கே 15,000க்கு மேல் இருப்பவர்களிடம், வரம்பு வரை மட்டும் பிடிக்கும் நிறுவனமாக இருந்தால், இந்தத் தப்பு வெளியே தெரியாது. அடிபடுவது குறைந்த சம்பளக்காரர்கள்தான். பேசிக் 9,000, எல்லோருக்கும் தரப்படும் ஸ்பெஷல் அலவன்ஸ் 5,000 என்று இருப்பவரின் பிஎஃப் சம்பளம் 14,000, பிடித்தம் 1,680. டிக் போனால் 1,080. அவர் கைக்கு மாதம் 600 ரூபாய் கூடுதலாக வருவதால் அவரும் கேட்கமாட்டார். நிறுவனம் போட வேண்டிய 600ம் சேர்த்து மாதம் 1,200 ரூபாய் அவர் பிஎஃப், பென்ஷன் கணக்குகளிலிருந்து போய்க்கொண்டிருக்கும். பென்ஷனுக்குரிய சம்பளமும் 14,000க்குப் பதில் 9,000 என்று பதிவாகும். எங்கள் பக்கம் பார்த்த கோளாறுகளில் சத்தமில்லாமல் அதிகம் பறித்துக்கொண்டு போவது இதுதான், அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

எந்த அலவன்ஸ் சேரும், எது சேராது என்பது மென்பொருள் முடிவு செய்யும் விஷயம் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக, வழக்கமாகத் தரப்படும் படிகள் அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் தீர்ப்பளித்தது. கூடுதல் வேலைக்கோ உற்பத்திக்கோ தரும் ஊக்கத்தொகை, ஒருசிலருக்கு மட்டும் தருவது ஆகியவை வேறு. வீட்டு வாடகைப்படி சட்டத்திலேயே விலக்கப்பட்டது. அதற்கப்புறம் 2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதன் ஊதிய வரையறைப்படி, விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த உபரி ஊதியத்தில் சேரும். ஆகவே பழைய மென்பொருளின் டிக்குகளை அப்படியே நகலெடுப்பதோடு நிறுத்தாமல், உங்கள் சம்பள அமைப்பை ஒருமுறை பிஎஃப் ஆலோசகரிடம் காட்டி எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சிலருக்கு மட்டும் குறைவதற்கு இன்னொரு காரணம் விடுப்பு. பேசிக்கும் டிஏவும் சேர்த்து 20,000 வாங்குபவர் 30 நாள் மாதத்தில் 12 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அவர் ஈட்டியது 12,000. அது 15,000க்குக் கீழே இருப்பதால் பிஎஃப் சம்பளம் 12,000, பிடித்தம் 1,440, பென்ஷன் 1,000, வித்தியாசம் 440. சில மென்பொருள்களில் உச்சவரம்பையும் வந்த நாள் விகிதத்தில் குறைக்கும் ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் வரம்பு 9,000 ஆகி, பிடித்தம் 1,080க்கு இறங்கும். 15,000 என்பது மாத வரம்பு. ஆள் எத்தனை நாள் வந்தார் என்பதற்காக அது குறையாது. 30,000 வாங்குபவர் பாதி மாதம் மட்டும் வந்தாலும் ஈட்டியது 15,000, ஆகவே முழு 1,800ம் பிடிக்க வேண்டும். அந்தத் தெரிவு எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துவிடுங்கள்.

விடுப்பு என்றதும் ஈசிஆரில் உள்ள என்சிபி நாட்களையும் பார்க்க வேண்டும், அதாவது பங்களிப்பு இல்லாத நாட்கள். மேலே 12 நாள் விடுப்பு எடுத்தவருக்கு அங்கே 12 என்று வர வேண்டும். வருகைப் பதிவேடு தனி மென்பொருளிலும் சம்பளம் தனி மென்பொருளிலும் இருக்கும் இடங்களில் இது எப்போதும் பூஜ்யமாகவே போகும், அல்லது வார விடுமுறையும் சேர்ந்து ஏறிவிடும். பணக் கணக்கில் ஒரு பைசா வித்தியாசம் தெரியாது. ஆனால் பென்ஷனுக்குரிய சேவைக்காலத்தைக் கணக்கிடும்போது இந்த நாட்கள் கழிக்கப்படும். வார விடுமுறைகளை மாதா மாதம் என்சிபி என்று ஏற்றிவிட்டால் ஒருவர் சேவையில் ஆண்டுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் காணாமல் போகும்.

இரண்டாவது பிரச்சினை, பென்ஷன் பங்கு பூஜ்யம். இதுதான் என்னைப் பொறுத்தவரை மூன்றிலும் தீவிரமானது. சட்டப்படி ஒருவருக்குப் பென்ஷன் பங்கு பூஜ்யமாக இருக்கப் பொதுவாக இரண்டு காரணங்கள்தான். ஒன்று, அவருக்கு 58 வயது நிறைந்துவிட்டது. அப்போது நிறுவனத்தின் 12 சதவீதமும் பிஎஃப்புக்கே போகும். இரண்டு, அவர் 2014 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முறையாகப் பிஎஃப்பில் சேர்ந்தவர், சேரும்போதே சம்பளம் 15,000க்கு மேல். அவர் பென்ஷன் திட்டத்தில் சேர முடியாது.

இந்த இரண்டாவது விதியில் உயிர்நாடி "சேரும்போது" என்பது. 2016இல் 14,000 சம்பளத்தில் சேர்ந்து பென்ஷன் உறுப்பினரானவர் இன்று 40,000 வாங்கினாலும் உறுப்பினர்தான். 15,000 வரம்பின் மேல் 1,250 போய்க்கொண்டே இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தில் பென்ஷன் உறுப்பினராக இருந்துவிட்டு, அந்த உறுப்பினர் நிலையை முடித்துக்கொள்ளாமல் உங்களிடம் 40,000 சம்பளத்தில் வந்தவருக்கும் அப்படித்தான். ஆனால் புதிய மென்பொருளுக்கு இந்த வரலாறு தெரியாது. அதற்குத் தெரிந்தது இன்றைய சம்பளமும், நீங்கள் ஏற்றிய சேர்ந்த தேதியும்தான். மாற்றத்தின்போது பிஎஃப்பில் சேர்ந்த தேதி என்ற பத்தியைக் காலியாக விட்டிருந்தாலோ, எல்லோருக்கும் ஏப்ரல் 1 என்று ஏறியிருந்தாலோ, 15,000க்கு மேல் வாங்கும் அத்தனை பேரையும் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டு பென்ஷனைப் பூஜ்யமாக்கிவிடும். ஏப்ரலிலிருந்து இது தொடங்கியது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலில் இங்கேதான் தேடுவேன்.

சரிபார்க்க வழி எளிது. பென்ஷன் பூஜ்யமாக உள்ளவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: 58 நிறைந்தது, அல்லது புதிய உறுப்பினர். இரண்டில் ஒன்றும் எழுத முடியாத பெயர் தப்பு. புதிய உறுப்பினர் என்று எழுதினால் அவர் சேரும்போது கொடுத்த படிவம் 11ஐ எடுத்துப் பாருங்கள், முந்தைய உறுப்பினர் விவரம் அதில் இருக்கும். மார்ச் மாதத்து ஈசிஆரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் 1,250 போனவருக்கு ஏப்ரலில் பூஜ்யம் ஆகியிருந்தால், இடையில் 58 நிறையாத வரை, அது மென்பொருள் மாற்றத்தின் வேலை.

58 வயதுக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எக்செல்லில் தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று நாம் எழுத, மென்பொருள் அதை மாதம்-நாள்-ஆண்டு என்று படிப்பது. 04/11/1967 என்றால் நவம்பர் 4. அது ஏப்ரல் 11 என்று ஏறினால் அவருக்கு 2025 நவம்பரில் நிற்க வேண்டிய பென்ஷன் பங்கு ஏழு மாதம் முன்னாலேயே நின்றுவிடும். பென்ஷன் கிடைக்க 10 ஆண்டு சேவை வேண்டும். அதை எட்டும் தறுவாயில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஏழு மாதம் மாதப் பென்ஷனுக்கும் ஒருமுறைத் தொகைக்கும் உள்ள வித்தியாசம். நாள் 12க்கு மேல் உள்ள தேதிகளை மென்பொருளே ஏற்காமல் பிழை காட்டிவிடும், 12க்குள் உள்ளவைதான் சத்தமில்லாமல் மாறிப் போகும். ஆகவே பிறந்த நாள் 1 முதல் 12 வரை உள்ளவர்களை மட்டும் வடிகட்டி, ஆதாரோடு ஒப்பிட்டால் போதும். இதற்கு எதிர்மாறாக, 58 தாண்டியும் பென்ஷன் போய்க்கொண்டிருப்பதும் உண்டு. அந்தப் பணத்துக்குச் சேவைக்காலம் சேராது, அவர் பிஎஃப்பில் இருக்க வேண்டிய தொகை வேறு கணக்கில் கிடக்கும், பென்ஷன் விண்ணப்பம் போடும் நேரத்தில் அது தலைவலியாக எழுந்து நிற்கும்.

அதிகப் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்து ஏற்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2022 நவம்பர் 4 தீர்ப்புக்குப் பிறகு வந்த அந்த ஏற்பாட்டில் பென்ஷன் பங்கு முழுச் சம்பளத்தின் மேல் 8.33 சதவீதம், 15,000க்கு மேற்பட்ட பகுதிக்குக் கூடுதலாக 1.16 சதவீதம், எல்லாம் நிறுவனத்தின் 12க்குள்ளிருந்தே. சாதாரணச் சூத்திரம் அவர்களுக்குப் பொருந்தாது.

விருப்பப் பிஎஃப், அதாவது சட்டப்படியான 12 சதவீதத்துக்கு மேல் தாமாகக் கேட்டுப் பிடிப்பவர்களையும் பாருங்கள், ஏனென்றால் மேலே நான் சொன்ன வித்தியாசச் சூத்திரமே இங்கே காலை வாரும். ஒருவருக்குச் சட்டப்படி 1,800, விருப்பமாக 2,000, மொத்தம் 3,800 பிடிக்கிறீர்கள். "ஊழியர் பிடித்தம் கழித்தல் பென்ஷன்" என்று சூத்திரம் போட்டிருந்தால் நிறுவனப் பங்கு 2,550 என்று வந்து நிற்கும். வர வேண்டியது 550. விருப்பப் பிஎஃப்புக்குத் தனிப் பே ஹெட் (மென்பொருளில் சம்பளக் கூறு ஒவ்வொன்றுக்கும் உள்ள தலைப்பு) வைத்து, வித்தியாசச் சூத்திரத்தில் சட்டப்படியான 12 சதவீதத்தை மட்டும் சேருங்கள்.

அரியர்ஸ் இன்னொரு பெரிய குழி. பேசிக் 13,000லிருந்து 16,000 ஆக ஏப்ரல் முதல் உயர்கிறது, உத்தரவு ஜூலையில்தான் வருகிறது என்று வையுங்கள். ஜூலையில் சம்பளம் 16,000, மூன்று மாத அரியர்ஸ் 9,000. மென்பொருள் இரண்டையும் கூட்டி 25,000 ஆக்கி, வரம்பு 15,000 என்று வெட்டி, 1,800 பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நின்றுவிடும். அரியர்ஸுக்கான பிஎஃப் பிடிக்கப்படவே இல்லை. வரம்பை அந்தந்த மாதத்துக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே, ஜூன் ஒவ்வொன்றிலும் பிஎஃப் சம்பளம் 13,000லிருந்து 15,000 ஆகிறது, கூடுதல் 2,000. ஊழியர் பங்கு மாதம் 240, மூன்று மாதத்துக்கு 720. பென்ஷன் 1,083லிருந்து 1,250 ஆவதால் மாதம் 167, மொத்தம் 501. வித்தியாசம் 219. இதற்கென ஈசிஆரில் அரியர்ஸ் என்று தனிக் கோப்பு உண்டு, ஜூலைக் கோப்போடு கலக்கக் கூடாது. உங்கள் மென்பொருளில் அரியர்ஸை "எந்த மாதத்துக்கு உரியது" என்று குறித்துப் பதியும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வெறும் தொகையாக ஒரு பே ஹெட்டில் போட்டால் இந்தத் தப்பு வராமல் போகாது.

டேலி மாதிரி நாமே சூத்திரம் எழுதும் மென்பொருள் என்றால், ஒவ்வொரு பே ஹெட்டிலும் அந்தச் சூத்திரம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதையும் பாருங்கள். பழைய நிறுவனத் தரவை நகலெடுத்துப் புதியது தொடங்கிய இடங்களில் 6,500 வரம்போடு பென்ஷன் 541 என்று பழைய சூத்திரம் இன்னும் உட்கார்ந்திருப்பது தென்படுவதுண்டு.

ஈசிஆர் கோப்பு ஏற்றும்போது வரும் பிழைகள் பெரும்பாலும் சொல்லிவிடும் பிழைகள், அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை. பெயர் யூஏஎன்னில் (உறுப்பினரின் பிஎஃப் அடையாள எண்ணில்) உள்ளதோடு பொருந்தாதது, தொகையில் பைசா வந்தது, பிஎஃப் சம்பளம் மொத்தச் சம்பளத்தைவிடக் கூடியது, இப்படி. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆதார் இணைக்காத யூஏஎன்னுக்கு 2021 செப்டம்பர் முதல் ஈசிஆர் போட முடியாது. அந்த ஒரு ஆளின் வரியைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்களுக்குச் சலான் கட்டிவிட்டு, அவரை அப்படியே மறந்துவிடுகிறார்கள். சம்பளத்தில் பிடித்தது பிடித்தபடி நிற்கிறது, பணம் கட்டப்படவில்லை. சம்பளப் பட்டியலுக்கும் சலானுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக ஓர் ஆளின் தொகை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மாதா மாதம் சலான் கட்டும் முன் ஒரே ஒரு சமன்பாட்டைப் பாருங்கள்: விருப்பப் பிஎஃப் நீங்கலாக ஊழியர் பங்கின் மொத்தம், பென்ஷன் மொத்தமும் வித்தியாச மொத்தமும் கூட்டியதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் பிசகினாலும் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். ஈசிஆர் எடுத்ததும் அந்த மாதத்தைப் பூட்டிவிடுங்கள். பூட்டாத மாதத்தில் யாராவது ஒருவர் பழைய விடுப்பைத் திருத்தினால் சம்பளப் பட்டியல் மாறும், கட்டிய சலான் மாறாது, ஆறு மாதம் கழித்துக் காரணம் தெரியாத வித்தியாசமாக நிற்கும்.

இனி, ஏற்கெனவே போன மாதங்களை என்ன செய்வது. இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏப்ரலிலிருந்து ஊழியர் பங்கு குறைவாகப் பிடித்திருக்கிறீர்கள் என்பதற்காக அடுத்த சம்பளத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிட முடியாது. ஊழியர் பங்கை அது எந்தக் காலத்துச் சம்பளத்துக்கு உரியதோ அந்தச் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கலாம் என்பது பிஎஃப் திட்டத்தின் பத்தி 32. எழுத்துப் பிழையாலோ தற்செயலான தவறாலோ விடுபட்டிருந்தால், பிஎஃப் ஆய்வாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு பின்வரும் சம்பளத்தில் பிடிக்கலாம். ஒப்புதல் இல்லாவிட்டால் அந்தப் பங்கும் நிறுவனத்தின் தலையில்தான். நிறுவனத்தின் பங்கை ஊழியரிடமிருந்து பிடிப்பது எந்த நிலையிலும் கூடாது. மாதம் 600 ரூபாய் கூடுதலாகக் கையில் வந்தபோது அது தப்பு என்று அந்த ஊழியருக்குத் தெரிய வழியில்லை. இப்போது திடீரென்று நான்கு மாதத்துக்கும் சேர்த்து ஒரே மாதத்தில் 2,400 ரூபாய் வெட்டினால் அவர் வீட்டு வாடகை நிற்கும். இந்த ஒப்புதல் விதி நியாயமானது, அதைச் சுற்றிப் போக வழி தேடாதீர்கள்.

தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதோடு மாதம் 1 சதவீதம் என்ற கணக்கில் இழப்பீடு. இழப்பீட்டு விகிதம் 2024 ஜூனில் குறைக்கப்பட்டது, அதற்கு முன் ஆண்டுக்கு 25 சதவீதம் வரை போகும். இதைவிட நிறுவனத்துக்குக் கடுப்பானது வருமான வரி. ஊழியரிடம் பிடித்த பங்கை உரிய தேதிக்குள் கட்டாவிட்டால் அது செலவாக ஏற்கப்படாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்றைய நிலையை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளியிடம் பேசும்போது இதைச் சொன்னால் திருத்த வேலைக்கு ஆள் கிடைக்கும்.

தொகை சரியாகக் கட்டப்பட்டு, பென்ஷனுக்குப் போக வேண்டியது முழுக்கப் பிஎஃப்பில் போய்ச் சேர்ந்திருந்தால் புதிதாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. மாத வாரியாகச் சம்பளம், கட்டியது, கட்ட வேண்டியிருந்தது என்று பட்டியல் போட்டு, காரணத்தை எழுதி, கணக்குக்குக் கணக்கு மாற்றித் தரும்படி உங்கள் பகுதிப் பிஎஃப் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு நாளாகும். ஆனால் சில மாதத் தப்பாக இருக்கும்போது இது ஒரு பக்கப் பட்டியல். ஓய்வு பெறும் நாளில் கண்டுபிடிக்கப்பட்டால் பல வருடச் சம்பளப் பட்டியல்களைத் தூசி தட்டித் தேட வேண்டியிருக்கும், அதுவரை அந்த மனிதருக்குப் பென்ஷன் வராது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். சலான் கட்டக் கடைசி நாளான 15ஆம் தேதிக்கு முன் இந்த மாதத்துக்கான பிஎஃப் டிக்குகளையும் சேர்ந்த தேதிகளையும் திருத்தி, சலானைச் சரியாகக் கட்டிவிடுங்கள், தப்பு இன்னொரு மாதம் நீள வேண்டாம். அப்புறம் மார்ச் ஈசிஆரோடு ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு மாதத்தையும் ஒப்பிட்டு, குறைந்தவர்கள் பட்டியல் ஒன்றும் பென்ஷன் பூஜ்யமானவர்கள் பட்டியல் ஒன்றும் தனித்தனியாக எடுங்கள். முதல் பட்டியலுக்குப் பணம் கட்ட வேண்டும், இரண்டாவதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும். இரண்டையும் கலந்தால் அலுவலகத்தில் இரண்டும் திரும்பி வரும். பட்டியலில் உள்ள ஊழியர்களிடமும் விஷயத்தைச் சொல்லி, பாஸ்புக்கைத் திறந்து அந்த மூன்று பத்திகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். திருத்தம் ஏறியதா இல்லையா என்று உங்களுக்கு முன்னால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.